நனையக் கூடாத கால்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையல்கூடத்துக்கும் பிணவறைக்கும் வழி பிரிகிற இடத்தில் செயற்கைக்கால் பட்டறை இருந்தது. அதில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவரை எல்லோரும் கால் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டறையில் எப்போதும் மாவுக்கட்டுத் தூள் பறந்துகொண்டிருக்கும். ஒரு மூலையில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் அடுப்பு. நடுவில் இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே ஒரு நடைவழி, அதன் கோடியில் ஆளுயரக் கண்ணாடி. புதிதாகக் கால் போட்டவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தங்களையே பார்த்தபடி, நடை பழகும் குழந்தை மாதிரி எட்டு வைத்து வருவார்கள். மாஸ்டர் முழங்காலிட்டுக் குனிந்து, அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கைவேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வீட்டில்தான் பேச்சு வாங்குவார். "ஊருக்கெல்லாம் கால் கொடுக்கிற மனுஷன், நம்ம வீட்டு மேஜை ஒரு காலைத் தூக்கிக்கிட்டு ஆடுது, அதைக் கண்டுக்க மாட்டேங்கிறாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மாஸ்டரும் சிரிப்பார். மேஜை ஆடிக்கொண்டே இருக்கும்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அவருடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அப்பாவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கியபோது, கூட்டிப்போன இடத்தில் டாக்டர் ஏதேதோ எழுதிக்கொடுத்தார். என்ன நோய் என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "உனக்குச் சொன்னாப் புரியாதுய்யா, மாத்திரையைப் போடு" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தன்னைக் கொண்டுபோகிற நோயின் பெயர்கூடத் தெரியாமல்தான் அப்பா செத்தார். அன்று பக்கத்தில் நின்ற மகனுக்கு அந்த ஒரு வாக்கியம் முள்ளாகத் தைத்துவிட்டது. தன்னிடம் வருகிறவன் படித்தவனோ படிக்காதவனோ, எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பிற்பாடு முடிவு கட்டிக்கொண்டார்.

அப்படியே செய்தார். கால் தயாராகிப் போட்டுவிடும் நாளில் அதைத் தன் மடியில் குழந்தையைப் போலக் கிடத்திக்கொள்வார். வெட்டியது போக எஞ்சிய மிச்சக்கால் போய் உட்காரும் கிண்ணத்திலிருந்து பாதத்தின் ஆணிவரை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பேச ஆரம்பிப்பார். காலையும் மாலையும் கைக்கண்ணாடியை அடியில் பிடித்துத் தோலைப் பார்க்க வேண்டும், சிவப்புத் தெரிந்தால் அன்றைக்குக் கால் போடக் கூடாது. பகல் போகப்போக மிச்சக்கால் வற்றும், கிண்ணம் தொளதொளக்கும், அப்போது மிச்சக்காலுக்கு இன்னொரு துணி உறை கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் காற்றாட விட வேண்டும். உறை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உட்காரும்போது முழங்காலை நீட்டி வைக்க வேண்டும், மடக்கியே வைத்தால் நரம்பு சுருங்கி மடங்கினபடியே நின்றுவிடும். பாதத்தில் தண்ணீர் படவே கூடாது.

ஏழைக்கு ஒரு பேச்சு, பணக்காரனுக்கு ஒரு பேச்சு என்று தன்னிடம் கிடையாது என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. வக்கீலுக்குச் சொன்னதை அட்சரம் பிசகாமல் வண்டி இழுப்பவருக்கும் சொன்னார். பெரிய டாக்டர்கள் தங்கள் மாணவர்களை அழைத்துவந்து ஓரமாக நிறுத்திக் கேட்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் மாஸ்டரின் குரல் கொஞ்சம் கூடுதலாகவே கணீரென்று இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் அக்கா தங்கை இருவர் அவரிடம் வந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி சரிவில் உருண்டு வந்து அவள் பாதத்தை நசுக்கியது. காயம் புரையோடி முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. புருஷன் என்றைக்கோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போயிருந்தான். இளையவள் பிளாஸ்டிக் சாமான் கடையில் வேலைக்கு நின்றாள். இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக ஒற்றை அறையில் காலம் தள்ளினார்கள். நடந்து வந்தால் பழைய வேலையே உண்டு என்று சலவைக்கூடத்து மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் கால் எப்போது கிடைக்கும் என்பது ஒன்றுதான் மூத்தவளின் கேள்வி.

மாஸ்டர் அவளிடம் என்ன வேலை என்று கேட்டார். சலவைக்கூடத்தில் என்றாள். நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா என்று கேட்டார். நின்றுகொண்டுதான் என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அப்போது தானமாக வந்த உயர்ந்த வகைப் பாதங்கள் சில பட்டறையில் இருந்தன. இறகு மாதிரி கனமற்றவை. குதிகாலை ஊன்றினால் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி, அடுத்த எட்டுக்குத் தானே உந்திக் கொடுக்கும். அலமாரியின் அடித்தட்டில் பழைய ரப்பர் பாதங்களும் கிடந்தன. கட்டை மாதிரி கனம், பார்க்க லட்சணமும் இல்லை, ஆனால் சேறும் தண்ணீரும் அவற்றை ஒன்றும் செய்யாது. ரப்பர் பாதம் போட்டு அனுப்புவது ஒரு ஆளைக் கைகழுவி விடுவதற்குச் சமம் என்று மாஸ்டர் நினைத்தார். நாள் முழுக்க நிற்கிற பெண், இவளுக்கு நல்லதாகவே போட வேண்டும் என்று உயர்ந்த பாதத்தை எடுத்தார். இதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வசதியுள்ள யாராவது தட்டிக்கொண்டு போகுமுன் ஒரு கூலிக்காரிக்கு அது போய்ச் சேர்ந்ததே என்ற சந்தோஷம்.

கால் அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. கம்பியை விட்டுவிட்டு நடைவழியில் தனியாக நடந்து கண்ணாடிவரை போய்த் திரும்பினாள். இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மாஸ்டர் காலை மடியில் போட்டுக்கொண்டு தன் பாடத்தைச் சொன்னார். மூத்தவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். புரிந்ததா என்றார். "புரிஞ்சது சார்" என்றாள். அது பொய் இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பாள்.

ஒரு மாதம் கழித்துக் காட்ட வந்தபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். வேலையில் சேர்ந்துவிட்டாளாம். அடுத்த தடவை வந்தபோது மிச்சக்காலின் முனையில் சிவந்த திட்டு ஒன்று இருந்தது. பாதத்தின் அடியைத் தட்டிப் பார்த்தார், உள்ளே பஞ்சு ஊறிப்போய்க் கனத்திருந்தது. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. சொன்னதையெல்லாம் செய்கிறீர்களா என்று கேட்டார். செய்கிறேன் என்றாள். தண்ணீர் பட்டிருக்கிறதே என்றார். அவள் பாவாடை நுனியை இழுத்து மிச்சக்காலை மூடிக்கொண்டாள். மாஸ்டர் பாதத்தைப் பிரித்துக் காயவைத்து, ஆணிகளை மாற்றி, பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் கண்டிப்பாக. அவள் எல்லாவற்றுக்கும் மறுபடி தலையாட்டினாள்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் அலுத்துக்கொண்டார். படித்துப் படித்துச் சொல்லியும் காதில் வாங்காவிட்டால் தான் என்னதான் செய்வது, அவ்வளவு நல்ல பாதம், குரங்கு கையில் பூமாலையாகப் போய்விட்டது என்றார். அவர் மனைவி, "பாவம், என்ன கஷ்டமோ" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு மூத்தவள் வரவில்லை. வராதவர்களைத் தேடிப் போகும் வழக்கம் பட்டறையில் இல்லை. தினமும் புதிய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவரும் மறந்துவிட்டார்.

அடுத்த வருடம் ஒரு முற்பகலில் இளையவள் மட்டும் வந்தாள். கையில் பெரிய துணிப்பை. அதிலிருந்து காலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். துடைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தாள். அக்காவுக்கு இனி இது வேண்டாம், சும்மா கிடக்கிறது, வேறு யாருக்காவது ஆகட்டும் என்று கொடுத்துவிடச் சொன்னாள் என்றாள். என்ன ஆயிற்று என்று மாஸ்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்று கிளம்பியவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அக்கா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டா சார். எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க ஒரு தடவை அவ வேலை பார்த்த இடத்துக்குப் போய்ப் பாருங்க. போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

மாஸ்டர் அந்த வாரமே போனார். ஆஸ்பத்திரித் துணி வெளுப்பது பற்றி விசாரிக்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்தார். நீளமான கூடம். வரிசையாகப் பெரிய துவைக்கும் இயந்திரங்கள். ஒவ்வொன்றின் கதவும் திறக்கும்போது தண்ணீர் குபுக்கென்று வெளியே வந்து தரையில் பரவி, இரும்பு வலை போட்ட வாய்க்காலில் இறங்கியது. கணுக்கால் நனையாமல் அங்கே யாரும் நிற்க முடியாது. மற்றவர்கள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். அதை அந்தப் பாதத்துக்கு மாட்ட முடியாது, பாதம் வளையாது என்று மாஸ்டருக்கு உடனே தெரிந்தது. நீராவியில் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. உறை எங்கே காயும்? உட்கார ஒரு முக்காலிகூடக் கண்ணில் படவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காலைக் கழற்ற வேண்டுமானால் ஆண்களும் பெண்களும் போய்வருகிற வழியில், ஈரத்தரையில், பாவாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துதான் கழற்ற வேண்டும். அவருடைய தோல் செருப்பு ஊறி, கால்விரல்கள் விறைத்துப் போயின. ஒரு மணி நேரம் நிற்க அவரால் முடியவில்லை.

அங்கிருந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தன. அறையில் மூத்தவள் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மொத்தக் கடைக்குக் கூலிக்கு உரிப்பதாம். முகம் பார்க்கும் கண்ணாடி ஆள் நிற்கிற உயரத்தில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. கைக்கண்ணாடி என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. மாஸ்டரைப் பார்த்ததும் எழ முயன்றாள். அவர் கையமர்த்தினார். அப்போதுதான் அவளுடைய முழங்காலைப் பார்த்தார்.

புண் பெரிதாகிச் சீழ் வைத்து, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதற்குள் சலவைக்கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாதே என்று பூண்டு உரிக்க உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே நாளெல்லாம் இருந்துவிட்டாள். தாழ்ந்த பலகையில் முழங்காலை நீட்டி உட்கார்ந்தால் கூடைக்குக் கை எட்டாது. மடக்கி வைத்த முழங்கால் மடங்கினபடியே இறுகிவிட்டது. மாஸ்டர் மெல்ல நீட்டிப் பார்த்தார். பாதிவரைகூட வரவில்லை. இனி எந்தக் காலையும் நேராகப் போட முடியாது என்று அவர் கைக்குத் தெரிந்தது.

தண்ணீரில் நிற்கிற வேலை என்று அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்கும்போதே அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அவள் பூண்டுத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "நீங்க பெரிய மனுஷங்களுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் எல்லாத்தையும் சொன்னீங்க சார். அது எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. நடுவுல புகுந்து, இது எனக்கு முடியாது, அது எங்க வீட்டுல இல்லைன்னு எப்படிச் சொல்றது? சொன்னா, இவளுக்கு எதுக்கு இந்த உசந்த காலுன்னு திரும்ப வாங்கி வச்சிடுவீங்களோன்னு பயம் வேற."

"ரெண்டாவது தடவை வந்தப்பயாவது..."

"அப்ப நீங்க கோவமா இருந்தீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு இளையவளை அனுப்பித் தேநீர் வாங்கிவரச் சொன்னாள். மாஸ்டரால் அதைக் குடிக்காமல் வரவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரப்பர் பாதம் அலமாரியின் அடித்தட்டிலேயே இருந்தது, கையை நீட்டினால் எடுத்திருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் கனத்த, லட்சணமில்லாத பாதத்தோடு அவள் இன்றைக்கும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பாள். நீங்கள் நல்லதுதானே நினைத்தீர்கள் என்று மனைவி தேற்றினார். "அப்பாகிட்ட அந்த டாக்டர் ஒண்ணுமே சொல்லல. நான் எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு பேருமே எதிர்ல இருக்கிற ஆளைப் பார்க்கல" என்றார் மாஸ்டர்.

தசைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணை அழைத்துக்கொண்டு பல வாரம் அந்த மாடிப்படி ஏறினார். முழங்கால் கொஞ்சம் இளகியது, போதுமான அளவுக்கு இல்லை. அறுவை செய்து நீட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை கத்திக்குப் படுக்க மாட்டேன் என்று மூத்தவள் சொல்லிவிட்டாள். கடைசியில் மாஸ்டர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, இப்போது உனக்கு என்னம்மா செய்ய முடிந்தால் போதும் என்று கேட்டார். வெகுநேரம் யோசித்தாள். அடுப்படியில் கக்கத்துக் கட்டை இல்லாமல் நிற்க வேண்டும், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அது போதும் என்றாள். மடங்கிய முழங்காலை அப்படியே ஊன்றி நிற்கிற மாதிரி, அடியில் ரப்பர் வைத்த ஒரு குட்டைக் கட்டையைச் செய்து கொடுத்தார். அவர் தொழிலில் கற்றுக்குட்டிகூடச் செய்ய வெட்கப்படும் சாமான் அது. அதைக் கட்டிக்கொண்டு அவள் அடுப்பு முன் நின்றாள், தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். வெளியே போகும்போது மட்டும் அதைக் கட்டிக்கொள்ள மாட்டாள். யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று கக்கத்துக் கட்டைதான்.

திரும்பி வந்த உயர்ந்த பாதம், உள்ளே பஞ்சை மாற்றியபின், ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்குப் போனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், காரில் போய்க் காரில் வருபவர். பல வருடம் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒவ்வொரு தடவை காட்ட வரும்போதும் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கிறேன் என்பார். மாஸ்டர் சரி சரி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

அதற்குப் பிறகு அவர் பாடம் சொல்வதை விட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் எங்கே போவீர்கள், எதன்மேல் உட்காருவீர்கள், குளிக்கிற இடம் வீட்டுக்குள்ளா வெளியேயா என்று முதலில் விசாரிப்பார். ஆளுக்குத் தகுந்த மாதிரி இரண்டு விஷயமோ மூன்று விஷயமோதான் சொல்லி அனுப்புவார். இதிலும் அடி வாங்கினார். கட்டிட வேலை செய்யும் ஒரு பையனுக்கு ரப்பர் பாதம்தான் சரி என்று அவராகவே முடிவு செய்தபோது, "நான் பந்து விளையாடுவேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா சார்?" என்று அவன் முகத்துக்கு நேராகக் கேட்டான். என் வீட்டுக் கதையெல்லாம் உனக்கு எதற்கு என்று எரிந்து விழுந்தவர்களும் உண்டு. கூட்டம் தேங்குகிறது என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். மாணவர்களை அழைத்து வருவதும் நின்றுபோனது. கேட்பதற்கு அங்கே சொற்பொழிவு எதுவும் இல்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சலவைக்கூடத்து மேலாளரைப் போய்ப் பார்த்தார். மாடியில், ஈரமில்லாத இடத்தில், விரிப்புகளை மடிக்கிற வேலையை மூத்தவளுக்குக் கேட்டார். மேலாளர் நல்ல மனிதர், சரி என்றார். குட்டைக் கட்டையைக் கட்டிக்கொண்டே வருகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவளும் சம்மதித்தாள். சில வாரம் போனாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும், மறுபடி விலகி மறுபடி வர வேண்டும். "நான் ஒரு எட்டு வைக்கிறதுக்குள்ள அவ ரெண்டு எட்டு வந்துடுறா சார். துணி தரையில விழுது. அவளுக்கும் சேர்த்து ஏச்சு விழுது" என்று மாஸ்டரிடம் வந்து சொல்லிவிட்டு, தானாகவே நின்றுகொண்டாள். அவர் பட்ட பாட்டுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அவள் சொன்ன விதம்.

மறு வருடம் இளையவளுக்குக் கல்யாணமாகி, அக்காவையும் தன்னோடு வேறு ஊருக்கு அழைத்துப் போனாள். போகுமுன் இருவரும் மாஸ்டர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டார்கள். அவர் மனைவி மூத்தவளை உட்காரவைத்துத் தலைவாரிப் பூ வைத்துவிட்டார். புது வீடு எந்த மாடி என்று மாஸ்டர் கேட்டார். கீழ்த்தளம்தான் என்றாள் மூத்தவள். வாசலில் படி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு படி இருக்கிறதாம், தங்கை சொன்னாள், தான் இன்னும் பார்க்கவில்லை என்றாள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஏதாவது இருக்குமா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.